முதல் மோட்டார் சைக்கிளைப் பழையபடி ஆக்குவதா, மாற்றிக் கட்டுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசுவமடுவில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன கராஜ் வைத்திருக்கிறேன். நாளாந்தம் வருவது பல்சரும் டிஸ்கவரும்தான். ஆனால் மாதத்தில் இரண்டு மூன்று தடவை யாராவது ஒருவர் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு பழைய ஹொண்டா எம்.டி. 90 அல்லது சி 90, சில நேரம் ஒரு சிடி 125, இறக்குவார். "அண்ணை, இது என்ர முதல் மோட்டச்சைக்கிள், என்ன செய்யலாம் சொல்லுங்கோ" என்பார். கேள்விகள் ஒன்றுபோலவே இருப்பதால், நான் வாயால் சொல்கிற பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்து வருசமாகக் கொட்டிலில் நிற்கிறது. எங்கே தொடங்குவது?

புத்தகத்தில் தொடங்குங்கள். ஸ்பனரை எடுக்க முதல் பதிவுப் புத்தகத்தை எடுங்கள்.

வெளியிடங்களில் இது ஒரு சின்ன விசயமாக இருக்கலாம், வன்னியில் அப்படி இல்லை. 2009 இல், யுத்தத்தின் கடைசியில், சனம் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் பிறப்புச் சான்றிதழ்களோடு பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்தது. இன்னும் சிலருக்கு நேர்மாறு, சைக்கிள் கிடைத்தது, புத்தகம் எங்கேயோ ஒரு பங்கருக்குள் போனது. புத்தகம் இருந்தாலும் அது இரண்டு கைக்கு முந்தின ஆளின் பெயரிலேயே இருக்கும், அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, பழைய பல் பிரஷ் ஒன்றால் பிரேமில் குத்தியிருக்கிற இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் மெதுவாகத் துடைத்து, புத்தகத்தோடு ஒரு எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்கக் கூடாது. இலக்கம் மங்கிப் போனால் நாளைக்கு நீங்கள்தான் அதைச் சுரண்டினீர்கள் என்று ஆகிவிடும். இலக்கம் பொருந்தாவிட்டால், அல்லது பெயர் மாற்ற வழியே இல்லாவிட்டால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை நேராக்கும் வரைக்கும் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப் பத்திரம் எடுக்க முடியாது, அது இல்லாமல் ரோட்டில் இறக்க முடியாது. எஞ்சினைப் பொன்போலச் செய்து முடித்துவிட்டு, ஓட முடியாமல் விறாந்தையில் நிறுத்தி வைத்திருக்கிற இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

பத்திரம் சரி. அடுத்தது என்ன?

கழுவாதீர்கள். கேட்டால் விசித்திரமாக இருக்கும், ஆனால் கழுவுவதற்கு முதல்தான் சைக்கிள் உண்மை பேசும். எங்கே ஒயில் கசிந்து புழுதி பிடித்து அப்பியிருக்கிறது, பற்றறி அசிட் சொட்டின இடத்தில் பிரேம் எப்படி இருக்கிறது, எந்த ஆணியை ஆரோ ஒருநாள் தப்பான சாவியால் திருகி மூலை மழுங்கடித்திருக்கிறார்கள், இதெல்லாம் அழுக்கோடுதான் தெரியும். நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். வயர் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கிட்ட வைத்து எடுங்கள். பிறகு பூட்டும்போது அந்தப் படங்கள்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

பிறகு கிக்கரை உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்துக்குள் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு, ஒருநாள் இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டு, கையால் மெதுவாகக் கிக்கரை அழுத்திப் பாருங்கள். பத்து வருசம் நின்ற எஞ்சினில் பிஸ்ரன் றிங் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்திருக்கும், ஆவேசத்தில் உதைத்தால் முறிந்துவிடும், திருத்தக்கூடியதாக இருந்தது திருத்த முடியாததாகிவிடும்.

அப்புறம் சைக்கிளை நடு ஸ்ராண்டில் ஏற்றி, முன்சில்லை நிலத்தை விட்டுத் தூக்கி, ஹாண்டிலை இடம் வலம் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் கோன்செற், அதாவது ஹாண்டில் திரும்புகிற பெயரிங், போய்விட்டது. பின்சில்லை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சில்லுக் கம்பிகளை ஒரு ஸ்பனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், இறுகின கம்பி கணீரென்று கேட்கும், தளர்ந்தது சொத்தென்று கேட்கும். சீற்றைத் தூக்கி, பற்றறிப் பெட்டியைச் சுற்றியுள்ள பிரேமை ஸ்குறூ டிறைவர் நுனியால் குத்திப் பாருங்கள். இரும்பு உள்ளே போனால், மிச்சக் கேள்விகளை வாசிக்க முதல் ஒரு நல்ல வெல்டரைக் கண்டுபிடியுங்கள்.

"பழையபடி" என்றால் எந்தப் பழையபடி?

இதைத்தான் நான் எல்லோரிடமும் திருப்பிக் கேட்கிறேன். நிறையப் பேருக்கு இதற்குப் பதில் தெரியாமலே பணம் போய்க்கொண்டிருக்கும்.

ஹொண்டா சூப்பர் கப் என்ற இந்த வகை 1958 இல் ஜப்பானில் தொடங்கியது, 2017 இல் பத்துக் கோடியாவது வண்டி தயாரானது. எம்.டி. 90 அந்தக் குடும்பத்தில் ஜப்பான் தபால்காரருக்கென்று செய்தது, அதனால்தான் சிவப்பு, அதனால்தான் அந்தப் பெரிய கரியர், அதனால்தான் கையில் கிளச் இல்லை. ஒரு கையில் கடிதக்கட்டை வைத்துக்கொண்டு மற்றக் கையால் ஓட்டலாம். ஆனால் அது எங்களிடம் வந்தது பாவித்த சாமானாக. வந்து சேர்ந்த இடத்தில் யுத்தம்.

தொண்ணூறுகளில் வன்னிக்குள் பெற்றோல் வரத் தடை. கிடைத்த கொஞ்சத்துக்கும் சொல்ல முடியாத விலை. மண்ணெண்ணெயில்தான் ஓடினோம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது, அதனால் ஒரு சின்ன பிளாஸ்ரிக் போத்தலில், அதைச் சூப்பி என்போம், கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பீய்ச்சி, உதைத்து, பிடித்தவுடன் மண்ணெண்ணெயில் விட வேண்டும். சூப்பியை வைக்க ஒரு கொளுவி, காற்றுக் குழாயில் ஒரு ஓட்டை, மூட்டை ஏற்ற நீட்டின கரியர், இரும்பு கிடைக்காததால் பலகையில் செய்த சீற் அடி. அந்தச் சைக்கிள்களை எங்கள் அப்பாமார் ஏற்கெனவே மாற்றிக் கட்டிவிட்டார்கள். தேவைதான் அவர்களுக்கு வரைபடம்.

அப்படியென்றால் நீங்கள் எதற்குத் திரும்பப் போகிறீர்கள்? ஜப்பான் தொழிற்சாலையை விட்டு வந்த நாளுக்கா? அந்த நாளை உங்கள் குடும்பத்தில் யாரும் கண்டதில்லை. 2002 இல் யுத்த நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்து, யாழ்ப்பாணத்திலிருந்து புது சாமான் வாங்கிப் போட்டு, அப்பா முதல்முறையாகப் பெற்றோலில் ஓடின நாளுக்கா? அல்லது நீங்கள் முதல்முதல் ஹாண்டில் பிடித்த நாளுக்கா? எந்த நாள் என்று சொல்லுங்கள், அதற்குப் பிறகு எந்தச் சாமான் மாற வேண்டும், எது மாறக் கூடாது என்பதை நான் பத்து நிமிசத்தில் சொல்லிவிடுவேன்.

என் கருத்தைக் கேட்டால், சூப்பிக் கொளுவியைக் கழற்ற வேண்டாம். அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும். அதைக் கழற்றிவிட்டுத் தபால் சிவப்பு அடித்தால், இணையத்தில் படத்தில் பார்க்கிற ஜப்பான் சைக்கிள் ஒன்றுதான் உங்களிடம் இருக்கும்.

மண்ணெண்ணெயில் ஓடின எஞ்சின் இனி உருப்படுமா?

பெரும்பாலும் உருப்படும். இந்த எஞ்சினைப் போலப் பொறுமையான எஞ்சின் நான் திறந்ததில்லை.

மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. பாதி கரியாகி ஹெட்டிலும் வால்விலும் படியும், பாதி றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். அதனால் ஹெட்டைக் கழற்றினால் பிஸ்ரன் தலையில் தார் போலத் தடித்த கரி இருக்கும், மூங்கில் சிராயால் சுரண்டலாம், இரும்பால் வேண்டாம். சிலவற்றில் ஹெட்டுக்கு அடியில் வைக்கிற காஸ்கற் தகட்டை இரண்டாக அடுக்கிப் போட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன், மண்ணெண்ணெய் இடிக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைத்த வேலை அது. இனிப் பெற்றோல்தான் என்றால் ஒன்று போதும். காபரேற்றர் ஜெற்றையும், அதாவது எரிபொருள் வருகிற சின்னத் துவாரத்தையும், பாருங்கள், ஆரோ ஊசி விட்டுப் பெருப்பித்திருந்தால் எவ்வளவு ரியூன் பண்ணினாலும் பிளக் கறுக்கும், ஜெற்றை மாற்றுவது ஒன்றே வழி.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்தில் போர் அடித்து, அதாவது உள்சுவரைக் கடைந்து பெருப்பித்து, கால் மில்லிமீற்றர் பெரிய பிஸ்ரன் போடலாம், பிறகு அரை, முக்கால், ஒன்று என்று போகலாம். முதல் போருக்கே ஒரு மில்லிமீற்றர் அடிக்கச் சொல்கிற ஆளிடம் கொடுக்காதீர்கள். அடுத்த மூன்று தடவையையும் ஒரே நாளில் தின்றுவிட்டார் என்று அர்த்தம். நீலப் புகை வந்தவுடன் போர் என்று முடிவெடுக்கவும் வேண்டாம். காலையில் முதல் உதைக்கு மட்டும் புகைத்துவிட்டு நின்றால் அது பெரும்பாலும் வால்வ் சீல், சின்ன வேலை. ஏற்றத்தில் முறுக்கும்போது தொடர்ந்து புகைத்தால்தான் றிங்.

செல் பீஸ் (எறிகணைச் சிதறல்) பட்ட ஓட்டை இருக்கிறது. அடைப்பதா?

இது என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி, எனக்கு லேசான கேள்வியும் இல்லை.

எங்கே பட்டது என்பதைப் பொறுத்தது. பெற்றோல் ராங்கியில் என்றால் அடைக்கத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. எம்.டி.யில் ராங்கி சீற்றுக்குக் கீழே இருக்கிறது, கசிந்தால் சூடான எஞ்சினுக்கு மேலே சொட்டும். ராங்கியை வெல்டிங் அடிக்க முதல் பெற்றோலை ஊற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், வெறும் ராங்கிதான் நிறைந்த ராங்கியை விட மோசமாக வெடிக்கும், உள்ளே நிற்பது ஆவி. பலமுறை கழுவி, தண்ணீர் நிரப்பி, ஒட்டுகிற இடத்துக்கு மட்டும் இடம் விட்டுச் செய்கிற ஆளிடம் கொடுங்கள். பிரேமில் பட்டிருந்தாலும் அப்படித்தான், துண்டு வைத்து ஒட்ட வேண்டும்.

மட்காட்டிலோ கால் கவரிலோ என்றால் அது உங்கள் வீட்டுத் தீர்மானம். போன வருசம் ஒரு தம்பி முள்ளியவளையிலிருந்து சி 90 ஒன்று கொண்டுவந்தான். பின் மட்காட்டில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஓட்டை, இரும்பு உள்பக்கமாக மடங்கி, விளிம்பில் செம்மையாகத் துருப் பிடித்திருந்தது. அவன் புட்டி வைத்து அடைக்கச் சொன்னான். இரண்டு நாள் கழித்து அவனுடைய அம்மா பஸ்ஸில் வந்து இறங்கி, "தம்பி, அதை மட்டும் அப்படியே விடுங்கோ" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. துருவைச் சுரண்டி, விளிம்பை மழுக்கி, துரு ஓடாமல் பிறைமர் பூசி, உள்பக்கத்தில் சேறு அடிக்காதபடி ஒரு றப்பர் துண்டை ஒட்டிவிட்டேன். ஓட்டை ஓட்டையாகவே இருக்கிறது, இனிப் பெரிதாகாது.

அடைக்க விரும்புகிறவர்களையும் நான் குறை சொல்வதில்லை. தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போக எல்லோராலும் முடியாது.

பெயின்ற் அடிக்கலாமா?

கடைசியாக. எல்லாம் முடிந்து, மூன்று மாதம் ஓடி, ஒன்றும் கசியவில்லை என்று தெரிந்த பிறகு.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். என்னுடைய எம்.டி.யை 2012 இல் ரவுனில் ஒரு இடத்தில் பெயின்றுக்குக் கொடுத்தேன். அப்பா எப்போதும் பின்னால் ஏறினால் கரியரின் இடப்பக்கக் குழாயைத்தான் பிடிப்பார், வருசக் கணக்காகப் பிடித்துப் பிடித்து அந்த ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ற் போய், இரும்பு வழுவழுவென்று வெள்ளிபோல் இருந்தது. அப்பா 2009 இல் எங்களோடு வரவில்லை. அந்த இடத்தைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. திரும்ப எடுக்கப் போனபோது அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறைமர் அடித்து, பளபளவென்று கறுப்பு அடித்திருந்தார்கள். வேலையில் ஒரு பிழையும் இல்லை. நான் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதனால் இப்போது என்னிடம் யார் சைக்கிள் கொண்டுவந்தாலும், ஒரு சோக்கட்டியைக் கையில் கொடுத்து, தொடக் கூடாத இடங்களில் வட்டம் போடச் சொல்கிறேன். சிலர் ஒன்றும் போடமாட்டார்கள். சிலர் வெகுநேரம் சுற்றிச் சுற்றி நிற்பார்கள்.

பெயின்ற்தான் என்று முடிவெடுத்தால், இலக்கம் குத்தின இடத்தில் தடிப்பாக அடிக்க விடாதீர்கள். நிறத்தை மாற்றினால் புத்தகத்தில் உள்ள நிறத்தையும் மாற்ற வேண்டும்.

மட்காட்டை வெட்டி, சைலன்சரைத் திறந்து, அகல ரயர் போட்டு ஸ்ரைலாக்க வேண்டும். செய்து தருவீர்களா?

உன் சைக்கிள், உன் காசு தம்பி, ஆனால் வெட்டுகிற வேலையை நான் செய்யமாட்டேன். காரணங்களைச் சொல்கிறேன்.

பின் மட்காட்டை வெட்டினால் மாரியில் சேறு நேரே உன் முதுகில். அதைக்கூடத் தாங்கலாம். ஆனால் சத்தத்துக்காகக் காற்று வடிகட்டியைக் கழற்றுகிறார்களே, அதைத்தான் என்னால் பார்க்க முடியாது. நம்முடைய ஒழுங்கைகள் கிரவலும் செம்மண்ணும். வடிகட்டி இல்லாமல் ஒரு கோடைக்கு ஓடின எஞ்சினின் காற்றுக் குழாய்க்குள் விரலை விட்டுப் பார், சந்தனம் பூசினதுபோல் சிவப்பாக ஒட்டும். அந்த மண் ஒயிலோடு சேர்ந்து சிலிண்டரை அரைத்துவிடும். இருபது வருசம் மண்ணெண்ணெய் செய்யாததை ஆறு மாதத்தில் புழுதி செய்யும். செயினை முழுதாக மூடுகிற கவரையும் அசிங்கம் என்று கழற்றி எறிகிறார்கள், அதுவும் இதே கதைதான், செயினும் பல்லுச் சில்லும் அரைவாசிக் காலத்தில் போய்விடும்.

சைலன்சர் திறந்தால் பொலிஸ் மறிக்கும். 2025 தொடக்கத்திலிருந்து மாற்றின வண்டிகளைப் பிடிப்பது இன்னும் இறுக்கமாகியிருக்கிறது.

இன்னொன்று, வெட்டினதை ஒட்டலாம், ஆனால் அது ஒட்டினதாகத்தான் இருக்கும். பூட்டினதைக் கழற்றலாம். அதனால் ஆணியால் பூட்டக்கூடிய எந்த மாற்றமும் எனக்குச் சம்மதம், கழற்றின அசல் சாமானை எறியாமல் பழைய பிஸ்கற் ரின்னில் போட்டு, பெயர் எழுதி, வீட்டில் வைக்கிறாய் என்றால்.

அப்படியென்றால் எந்த மாற்றத்தைச் செய்யச் சொல்வீர்கள்?

லைற். முதலும் முக்கியமும் அதுதான். பழைய 6 வோல்ட் விளக்கு மெழுகுதிரிபோல எரியும், வேகம் குறைந்தால் இன்னும் மங்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருட்டின பிறகு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு முன்னால் யானை நிற்கிறதா புதர் நிற்கிறதா என்று தெரிய வேண்டும். 12 வோல்ட்டுக்கு மாற்றி எல்.இ.டி. போடுங்கள், பழைய ஹெட்லைற் கூட்டுக்குள்ளேயே போடலாம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பிளாற்றினம் (பிளக்குக்கு நெருப்புப் பொறி விடுகிற பழைய தொடுமுனை) போய்விட்ட சைக்கிளுக்கு, அந்த வேலையைச் செய்கிற சி.டி.ஐ. என்ற எலக்ட்ரோனிக் பெட்டி போடுவதும் நல்ல மாற்றம், மழைக்கு நின்றுபோகிற தொல்லை குறையும்.

ரயர், ரியூப், பிறேக் சூ, கேபிள்கள், இதெல்லாம் அசலா இல்லையா என்று யோசிக்கவே வேண்டாம், புதிது போடுங்கள். இருபது வருசப் பழைய ரயரில் பூ அப்படியே இருக்கும், றப்பர் கல்லாகியிருக்கும். இரண்டு பக்கமும் கண்ணாடி. அப்புறம் உங்கள் தொழிலுக்கு என்ன தேவையோ அது: மீன் பெட்டி வைக்க ஒரு தட்டு, பால் கான் கொளுவ ஒரு கம்பி. அப்பா தன் தேவைக்குக் கரியரை நீட்டினார் என்றால், நீங்கள் உங்கள் தேவைக்கு ஒரு கொளுவி வைப்பதில் என்ன பிழை.

பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதுச் சீன எஞ்சின் போட்டால் லாபமில்லையா?

காசுக் கணக்கில் சில நேரம் லாபம்தான். 110, 125 எஞ்சின்கள் சில கொஞ்ச வேலையோடு அதே பிரேமில் உட்காரும், உதைத்தவுடன் பிடிக்கும். ஆனால் எஞ்சின் இலக்கம் புத்தகத்தில் இருக்கிறது, மாற்றினால் பதிய வேண்டும், பதிய எஞ்சின் வாங்கின பற்றுச்சீட்டு முறையாக வேண்டும், யாருடையதென்று தெரியாத எஞ்சினை வாங்கிவிட்டு அலையாதீர்கள். மற்றது, பழைய பிறேக் புது எஞ்சினின் வேகத்துக்குச் செய்ததில்லை.

பழைய எஞ்சினின் வெளிக்கூடு வெடிப்பு விட்டிருந்தால் மட்டும் இதை யோசிப்பேன். அப்படி மாற்றினாலும் பழையதை இரும்புக்காரனுக்குக் கிலோவுக்குப் போடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கிற அண்ணா காசு அனுப்புகிறார், தான் ஓடின மாதிரியே ஆக்கச் சொல்கிறார். தினமும் வேலைக்கு ஓடுவது நான். யார் சொல்வதைக் கேட்பது?

இந்தக் கேள்வி எனக்கு எஞ்சினை விடச் சிக்கலானது.

அண்ணாவுக்கு அது 2005 இல் நின்றுவிட்ட சைக்கிள். அவர் சுவிஸிலோ கனடாவிலோ பனிக்குள் நடக்கும்போது அவருக்கு நினைவில் வருவது அந்தச் சிவப்பும் அந்தச் சத்தமும். உங்களுக்கு அது காலை ஏழு மணிக்குப் பிடிக்க வேண்டிய சைக்கிள். இரண்டு பேரும் பிழையில்லை. அவருக்கு வீடியோ அழைப்பு எடுத்துச் சைக்கிளைச் சுற்றிக் காட்டுங்கள், எது எது தனக்கு முக்கியம் என்று அவரே சொல்லட்டும். நான் பார்த்தவரைக்கும் அவர்கள் சொல்வது மூன்று நாலு விசயத்துக்கு மேல் போகாது. ஒருவர் சீற்றில் கிழிந்த இடத்தை மட்டும் கேட்டார். இன்னொருவர் ஹோர்ன் சத்தம். மிச்சமெல்லாம் உங்கள் இஷ்டம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஹோர்னைத் தேடிப் பிடிக்க எனக்கு மூன்று வாரம் எடுத்தது, பரவாயில்லை.

சொல்லாமல் மாற்றிவிட்டுப் பிறகு படம் அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள்.

எவ்வளவு செலவாகும்?

சாமான் விலை ஏறி இறங்குவதால் இங்கே தொகை எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். 2020 இல் வாகன இறக்குமதி நின்றபோது ஒரு காலத்தில் இரும்பு விலைக்குப் போன சைக்கிள்களுக்கு எல்லாம் திடீரென்று மதிப்பு வந்தது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று வந்தபோது, அந்த நாலு லீற்றரில் கிழமை முழுக்க ஓடினவை இந்த 90கள்தான். ஆகவே "விற்றால் என்ன வரும்" என்ற கணக்கை வைத்துச் செலவைத் தீர்மானிக்க முடியாது.

நான் மூன்று கடதாசியில் எழுதச் சொல்வேன். ஒன்று, நிற்க: பிறேக், ரயர், கோன்செற், சில்லுக் கம்பி. இரண்டு, ஓட: எஞ்சின், காபரேற்றர், வயரிங், செயின். மூன்று, பார்க்க: பெயின்ற், குரோம், சீற், ஸ்ரிக்கர். முதல் கடதாசிக்குக் காசு காணாவிட்டால் மற்ற இரண்டையும் மடித்து வையுங்கள். நிறையப் பேர் மூன்றாவது கடதாசியில் தொடங்குவார்கள், குரோம் பளபளக்கும், பிறேக் பிடிக்காது.

சாமான் அசலா போலியா என்று எப்படித் தெரியும்?

பெட்டியைப் பார்க்காதீர்கள், பெட்டியை யாரும் அச்சடிக்கலாம். பழைய சாமானைக் கையில் கொண்டுபோய்ப் புதியதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வார்ப்பின் விளிம்பு, எழுத்துக் குத்தின ஆழம், பாரம். பிஸ்ரன் என்றால் ஊசித் துவாரத்தின் உள்பக்கம் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். போலி பிறேக் சூவோடு ஓடலாம், தேய்ந்தால் மாற்றலாம். போலி பிஸ்ரனும் ரைமிங் செயினும் வேண்டவே வேண்டாம். அவை அறுந்தாலோ வெடித்தாலோ கூட இருக்கிற எல்லாவற்றையும் கொண்டுபோகும். நல்ல நிலையில் உள்ள பாவித்த அசல் சாமான், புதுப் போலியை விட எனக்கு மேல்.

ஒன்றுமே செய்யாமல் அப்படியே வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். எல்லாச் சைக்கிளும் ஓடியே ஆக வேண்டும் என்றில்லை. ராங்கியையும் காபரேற்றரையும் வெறுமையாக்கி, பற்றறியைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒயில் விட்டு, ரயர் நிலத்தில் படாமல் கட்டை வைத்து, கறையான் ஏறாத சீமெந்து நிலத்தில் நிறுத்தி, காற்றுப் போகிற துணியால் மூடுங்கள். பொலித்தீனால் மூடினால் மாரி ஈரம் உள்ளே நின்று, வெளியில் நின்றதை விட வேகமாகத் துருப் பிடிக்கும். மாதத்துக்கு ஒருமுறை கிக்கரைக் கையால் ஒரு சுற்று.

உங்களுடைய எம்.டி. இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

2003 இல் கிளிநொச்சியில் மூன்றாம் கையாக வாங்கினது. 2009 மாசியில் புதுக்குடியிருப்பில் ஒரு தென்னங்காணிக்குள் சாய்த்துவிட்டுப் போனேன். மீள்குடியேறின பிறகு, சனம் விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள்களை வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் நிறுத்தியிருந்த ஒரு வெளியில், கரியரில் நான் அடித்த கோணல் வெல்டிங்கை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், புத்தகம் அம்மாவின் பையில் இருந்தது. இரண்டாம் போர் அடித்து அரை மில்லிமீற்றர் பிஸ்ரனில் ஓடுகிறது, 12 வோல்ட், எல்.இ.டி. லைற், அசல் காற்று வடிகட்டி, செயின் கவர் முழுசு, சூப்பிக் கொளுவி அப்படியே. காலையில் இரண்டாம் உதைக்குப் பிடிக்கும்.

வலப்பக்கக் கவர் மட்டும் இன்னும் இல்லை. வேறு மொடல் கவரை வெட்டிப் பூட்டினால் உட்காரும், எனக்கு மனமில்லை. யாரிடமாவது எம்.டி. 90 வலப்பக்கக் கவர், பூட்டு ஓட்டை உடையாமல் இருந்தால் கராஜுக்குக் கொண்டுவாருங்கள், நிறம் எதுவானாலும் பரவாயில்லை, அடித்திருக்கிற பெயின்றை நான் தொடமாட்டேன்.